விராலும் துரையின் கோபமும்

என்னை யாங்கூனுக்கு அனுப்பும்போது அக்கா ஒரே ஒரு வேலைதான் கொடுத்தாள். "வீடு வாசல், கடை கண்ணி எதையும் நீ பாக்க வேண்டாம். அதெல்லாம் தேனு விசாரிச்சுட்டா. அந்தப் பையனுக்குக் கோவம் வந்தா என்ன பண்றான்னு மட்டும் பாத்துட்டு வா."

தேனு அக்காவின் ஒரே மகள். சிங்கப்பூரில் ஒரு கப்பல் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். அங்கே வேலைக்கு வந்திருந்த துரைராஜைப் பார்த்துப் பிடித்துப்போனது. அப்பா இறந்ததும் கடையைக் கவனிக்க அவன் யாங்கூன் திரும்பிவிட்டான். பர்மாத் தமிழன். துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போன கொள்ளுத்தாத்தா அங்கேயே தங்கிவிட, அப்படியே வேர் பிடித்த குடும்பம். கல்யாணத்துக்குப் பிறகு எங்கே இருப்பது என்பதையெல்லாம் அவர்கள் இருவரும் பேசி முடித்துவிட்டார்கள். தேனு இப்போது லீவில் தஞ்சாவூர் வந்து, அம்மா சரி சொல்லுவாளா என்று நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

அக்கா ஏன் இப்படி ஒரு வேலை கொடுத்தாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அத்தான் அவளை அடிப்பார். குழம்பில் உப்புக் கூடினால் அடி, வண்டிச் சாவி காணாமல் போனால் அடி. அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. இன்றைக்கும் யாராவது கதவைப் படாரென்று சாத்தினால் அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நின்றுவிடுவாள்.

நான் மின்வாரியத்தில் வேலை பார்ப்பவன். கோபத்தை அளக்க என்னிடம் மீட்டர் கிடையாது. ஆனால் துரையும் என்னைப் போலத் தூண்டில் பைத்தியம் என்று தேனு சொன்னதும் எனக்கு வழி தெரிந்துவிட்டது. ஒருத்தனுடைய சுயரூபம் தெரிய வேண்டுமா, அவனோடு மீன் பிடிக்கப் போக வேண்டும். வலை போட்டுப் பிழைக்கிறவர்களைச் சொல்லவில்லை. லீவு நாளில் ரப்பர் தவளையைக் கட்டிக்கொண்டு குளம் குளமாக அலைந்து, நாள் பூராவும் வீசி வீசி இழுத்து, வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிற எங்கள் ரகத்தைச் சொல்கிறேன். தங்கூசி நரம்பு சிக்கிக்கொள்ளும். தவளை தாமரைத் தண்டில் மாட்டும். படகு வரைக்கும் வந்த விரால் கடைசி நொடியில் தலையை ஒரு உதறு உதறிவிட்டுப் போய்விடும். சாமியாருக்கே வாயில் கெட்ட வார்த்தை வரும்.

யாங்கூனில் தாமுவே என்கிற பேட்டையில் அவர்கள் வீடு நாலாவது மாடி. கீழே பாட்டரி, சோலார் தகடு விற்கிற கடை. அந்தத் தெருவில் எல்லா பால்கனியிலிருந்தும் கயிறு தொங்குகிறது. பேப்பர்காரன், பால்காரன் எல்லாம் நுனியில் இருக்கும் கவ்வியில் மாட்டிவிட்டு மணியை ஆட்டினால் மேலே இருப்பவர்கள் இழுத்துக்கொள்கிறார்கள். தெருவே தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பதாக நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது.

நான் மாடியேறி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோதே கரண்ட் போய்விட்டது. பழக்க தோஷம், "மன்னிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டேன். துரை விழுந்து விழுந்து சிரித்தான். "நீங்க ஒழுங்கா கரண்ட் குடுத்தா எங்க கடை படுத்துடும் மாமா."

ஒல்லியான உடம்பு, கட்டம் போட்ட லொஞ்சி என்கிற பர்மியக் கைலி, முப்பதைத் தாண்டாத முகம். தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசினான். இடையிடையே சொல் கிடைக்காமல் நின்று, பர்மியத்தில் தேடி, திரும்பி வந்தான். வீட்டில் துரை. தெருவில் இறங்கினால் எல்லோருக்கும் கோ துரா, அதாவது துரா அண்ணன். அவன் அம்மா தேவகி, "ஒக்காருங்க தம்பி, களைச்சு வந்திருக்கீக" என்று சோறு போட்டார். சாம்பார் நம் ஊர் சாம்பார்தான். தொட்டுக்கொள்ள ஙப்பி என்று ஒரு மீன் விழுது. வாடையில் கண் கலங்கியது. இரண்டாவது கவளத்துக்கு மேல் கை தானாக அந்தக் கிண்ணத்துக்கே போனது.

மறுநாள் த்வாண்டே பக்கம் ஒரு தாமரைக் குளத்துக்குப் போவதாக ஏற்பாடு. விடியும் முன் கிளம்பினால்தான் விரால். அவனுக்குக் கோபம் வருகிறதா என்கிற என் முதல் சோதனையை விடிகாலை வீட்டிலேயே ஆரம்பித்தேன். குளித்தேன். ஏதோ மறந்ததுபோல மறுபடி குளித்தேன். கைக்குள் வைத்திருந்த கண்ணாடியைத் தேடினேன். துரை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். வெளியே நன்றாக வெளுத்துவிட்டது.

"யபாடே மாமா," என்றான். பரவாயில்லை என்று அர்த்தம். அடுத்த சில நாட்களில் இந்த ஒரு சொல்லை நான் வெறுக்கும் அளவுக்குக் கேட்டேன்.

அப்போது புத்த நோன்புக் காலம். மழையும் அதுதான். பக்தியுள்ள ஊரில் அந்த மாதங்களில் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தால் நாலு பேர் முகம் சுளிப்பார்களாம். துரை கம்புகளைப் பழைய லொஞ்சியில் சுற்றிக் கட்டியிருந்தான். ஆற்றைக் கடந்து டலாவுக்குப் போகும் படகில் எதிரே உட்கார்ந்த இரண்டு கூடைக்காரப் பெண்கள் அந்த மூட்டையையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி என்னவோ சொல்ல, துரை சிரிப்பை அடக்கிக்கொண்டு என் காதில் மொழிபெயர்த்தான். "திரைச்சீலை மாட்டுற கம்பி போல, இவ்வளவு நீள ஜன்னல் இருக்கிற வீடு பெரிய வீடாத்தான் இருக்கும்னு சொல்றாங்க."

அக்கரையில் ஒரு மூன்று சக்கர வண்டி பிடித்தோம். பாதி வழியில் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. இறங்கித் தள்ளினோம். சக்கரம் சுற்றி என் மேல் அடித்த சேறு, த்வாண்டேயில் பானை செய்வது இந்த மண்ணில்தான் என்று நம்பும்படி வழுவழுப்பாக இருந்தது. வழியில் ஒரு டீக்கடை. அங்கே பரிமாறுகிறவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. உதட்டைக் குவித்து முத்தம் கொடுக்கிற சத்தம் போடுகிறார்கள். தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் அப்படிக் கூப்பிட்டால் பல் இருக்காது. துரை கூப்பிட்டுக் காட்டினான். நான் கடைசிவரை கையைத் தூக்கியே காரியத்தை முடித்துக்கொண்டேன்.

குளத்துக்குச் சொந்தக்காரர் ஊ டின் என்கிற பெரியவர். வயலுக்கு நடுவே தாமரையும் ஆகாயத்தாமரையும் மூடிய பெரிய நீர். ஒரு சின்ன மரப்படகு. அவர் பின்னால் நின்று கழி ஊன்றுவார், நாங்கள் முன்னால். பிடித்த மீனைத் திரும்ப விடுகிற எங்களைப் பற்றி அவருக்கு ஒரு அபிப்பிராயம் இருந்தது, துரை மொழிபெயர்த்தான். "சந்தையில மீன் சும்மா படுத்துக் கிடக்கு. அதைப் பிடிக்கிறது இதைவிடச் சுலபமாச்சே."

துரை என்னுடைய தவளைகளை வாங்கி, ஒவ்வொரு கொக்கியின் உள்முள்ளையும் குறட்டால் நசுக்கித் தட்டையாக்கினான். மீனுக்கு வாய் கிழியாமல் கழற்றலாம். மீனும் சுலபமாகக் கழன்றுகொள்ளும். விருந்தாளி என்று வாயை மூடிக்கொண்டேன். ஒரே ஒரு தவளையை மட்டும் சட்டைப் பைக்குள் ஒளித்து வைத்தேன்.

விடிந்து நேரமாகிவிட்டதால் மீன் வாய் திறக்கவில்லை. காரணம் நான்தான். அவன் அதைச் சொல்லவும் இல்லை. அவன் ஆசையாக வைத்திருந்த மஞ்சள் தவளையைக் கடன் கேட்டு வாங்கி, வேண்டுமென்றே எதிர்க்கரைப் புதருக்குள் வீசி, வெடுக்கென்று இழுத்து அறுத்தேன். அது சிங்கப்பூரில் நண்பன் கொடுத்தது என்று தேனு முன்பே சொல்லியிருந்தாள். துரை புதரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "யபாடே மாமா. அது பழசு."

அப்புறம் நான் திட்டமிடாமலே ஒன்று நடந்தது. என் ரீலுக்குள் தங்கூசி குருவிக்கூடு கட்டிக்கொண்டது. அவன் தன் கம்பைக் கீழே வைத்துவிட்டு அதை ஊசியால் பிரித்துப் பிரித்து எடுத்தான். அவன் பிரித்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க, எங்களைச் சுற்றி விரால் துள்ளியது. கம்பு என் கைக்குத் திரும்பி வந்த இரண்டாவது வீச்சில் தாமரை இலைக்கு அடியில் பளாரென்று ஒரு அடி. அந்தச் சத்தத்துக்காகத்தான் இந்தப் பிழைப்பு. படகு வரைக்கும் கொண்டுவந்துவிட்டேன். கறுத்த தலை, வெள்ளை வயிறு எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு உதறு. முள் நசுங்கிய கொக்கி நழுவி வெறுமனே பறந்து வந்து என் தொப்பியில் மாட்டியது.

நான் கம்பால் தண்ணீரை ஓங்கி அடித்து, தஞ்சாவூர்ப் பக்கம் புழங்குகிற ஒரு சொல்லை உரக்கச் சொன்னேன். அது என்ன என்று ஊ டின் துரையிடம் கேட்டார். துரை பர்மியத்தில் ஏதோ சொன்னான். என்னடா சொன்னாய் என்றேன். "மீன் போச்சேன்னு வருத்தப்படுறீங்கன்னு சொன்னேன்."

அன்று மாலை அக்கா போன் செய்தாள். பையன் தங்கம், சிரித்துக்கொண்டே இருக்கிறான் என்றேன்.

"உன் அத்தானும் பொண்ணு பாக்க வந்த அன்னிக்குச் சிரிச்சுகிட்டேதான்டா இருந்தாரு," என்றாள்.

இதை நான் யோசிக்கவே இல்லை. சிரிப்பைப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்ப நான் எதற்கு.

மறுநாள் நாள் முழுக்க மழை கொட்டியது. குடையோடு சீனர்கள் வாழும் லத்தா பக்கம் போய், சீனர் ஒருவர் கடையில், நான் தொலைத்த தவளைக்குப் பதிலாக வேறொன்று வாங்கிக் கொடுத்தேன். துரை அதைக் குழந்தைபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தெருவெல்லாம் டுரியான் பழ வாடையும் எண்ணெய்ப் புகையும். வீட்டுக்கு வந்ததும் அவன் கடைக்கு இறங்கிப் போனான். நான் தேவகியம்மாவிடம் நேரடியாகவே கேட்டுவிட்டேன்.

"துரைக்குக் கோவமே வராதாம்மா?"

அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே சிரித்தார். "வராம என்ன தம்பி. மனுசப் பிறவிதான. இந்த ஊர்ல ஆனாடேன்னு ஒண்ணு இருக்கு. அடுத்தவுக மனசு நோகுமேன்னு, நம்ம மனசுல உள்ளத வெளிய காட்டாம வச்சுக்கிறது. இங்க பொறந்து வளந்த புள்ளைக எல்லாம் அப்பிடித்தான். நீங்க வேற பொண்ணு வீட்டுக்காரவுக. உங்ககிட்டக் காட்டுவானா?"

சுத்தம் என்று நினைத்துக்கொண்டேன். தவளையை அறுப்பதும் இரண்டு முறை குளிப்பதும் இங்கே செல்லாது. அக்கா கேட்டதை நான் பார்க்காமலே திரும்பப் போகிறேன், அவளும் பாதி மனசோடு தலையாட்டப் போகிறாள் என்று தோன்றியது. எனக்கு எரிச்சலாக வந்தது. இந்த ஊர் மேல், மழை மேல், அவன் சிரிப்பின் மேல்.

அந்த எரிச்சலோடுதான் மூன்றாம் நாள் குளத்துக்குப் போனேன். சோதனையெல்லாம் விட்டாயிற்று. எனக்கு இப்போது ஒரு மீன் வேண்டும், அவ்வளவுதான். காலையிலிருந்து வீசி வீசித் தோள்பட்டை கழன்றது. துரைக்கு இரண்டு கிடைத்தன. இரண்டையும் தண்ணீருக்குள்ளேயே வைத்துக் கழற்றிவிட்டான். "மாமா, அந்த இலைக்குப் பக்கத்துல போடுங்க, மெதுவா," என்று எனக்கு நல்ல இடமெல்லாம் விட்டுக்கொடுத்தான். அந்த விட்டுக்கொடுப்பும் எனக்கு எரிந்தது.

மதியத்துக்கு மேல், ஆகாயத்தாமரை ஓரமாக, செக்கச் செவேலென்று ஒரு கூட்டம் நீர்மட்டத்தில் தெரிந்தது. சோறு கொதிக்கிற மாதிரி அந்த இடம் மட்டும் பொங்கிக்கொண்டிருந்தது. விரால் குஞ்சுகள். கீழே தாயோ தகப்பனோ காவல் இருக்கும். தூண்டில்காரன் எவனுக்கும் இது தெரியும். அந்தக் கூட்டத்துக்கு நடுவே தவளையைப் போட்டால் கட்டாயம் அடிக்கும். பசிக்காக இல்லை, குஞ்சைத் தொட வந்ததே என்கிற ஆத்திரத்தில். அதனாலேயே போடக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் வேறு யாராவது போட்டால் சண்டைக்கே போயிருக்கிறேன்.

துரையும் பார்த்தான். ஊ டினிடம் மெல்ல ஏதோ சொன்னான். படகு விலகத் தொடங்கியது. நான் சட்டைப் பையிலிருந்து அந்த முள் நசுக்காத தவளையை எடுத்து மாட்டி, அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் வீசிவிட்டேன்.

அடி விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கம்பு வில்லாக வளைந்தது. நான் பிடித்ததிலேயே பெரிய விரால். படகுக்குள் தூக்கிப் போட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. "தம்பி, அம்மாகிட்ட குழம்பு வைக்கச் சொல்லு," என்று கத்தினேன்.

திரும்பினேன். துரையின் காது இரண்டும் சிவந்திருந்தன. தாடை இறுகி, கழுத்து நரம்பு துடித்தது. அந்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. படகில் எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு பலகைதான். நான் ஒரு சாண் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

"எனக்கு ரொம்பக் கோவமா இருக்கு மாமா," என்றான். குரல் உயரவில்லை, நடுங்கியது. "இப்பப் பேசினா தப்பாப் பேசிருவேன். கொஞ்ச நேரம் பேசாம இருக்கேன். அப்பறம் பேசுறேன்."

மீனை எடுத்தான். கொக்கி தொண்டைக்குள் இறங்கி ரத்தம் வந்தது. குறட்டால் கொக்கியையே வெட்டித் துண்டு துண்டாக வெளியே எடுத்தான். தண்ணீரில் விட்டதும் மீன் மல்லாந்துவிட்டது. அவன் படகு ஓரத்தில் மண்டியிட்டுக் குனிந்து, அதை இரண்டு கையாலும் நிமிர்த்திப் பிடித்தான். விரால் மேலே வந்து மூச்சு வாங்குகிற மீன். அதன் தலையை நீருக்கு வெளியே காட்டுவான், பிறகு உள்ளே விடுவான், பிறகு மறுபடி காட்டுவான். மழை பிடித்துக்கொண்டது. அவன் முதுகில் கொட்டியது. காவல் போனதும் அந்தச் சிவப்புக் கூட்டத்தை நோக்கிச் சின்னச் சின்ன மீன்கள் வர ஆரம்பித்தன. ஊ டின் கழியால் தண்ணீரைத் தட்டித் தட்டி அவற்றை விரட்டிக்கொண்டே இருந்தார். நான் மட்டும் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

ரொம்ப நேரம் கழித்து வால் அசைந்தது. அப்போதும் அவன் விடவில்லை. அதுவாகத் திமிறிக்கொண்டு, அவன் விரல்களைத் தள்ளிவிட்டுப் போனது. குஞ்சுகளிடம்தான் போனதா என்று மழையில் தெரியவில்லை. போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

திரும்பும் வழியெல்லாம் அவன் பேசவில்லை. முகம் அப்படியேதான் இருந்தது. ஆனால் வழுக்குகிற கரையில் எனக்குக் கை கொடுத்து ஏற்றினான். வண்டியில் மழை அடிக்காத பக்கமாக என்னை உட்கார வைத்தான். கோபத்தோடேதான் இதையெல்லாம் செய்தான். டலாவில் படகு ஏறி, ஆற்றின் நடுவுக்கு வந்த பிறகு என் பக்கம் திரும்பினான்.

"இப்பப் பேசலாம் மாமா. அது குஞ்சு வச்சிருக்கிற மீனுன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் போட்டீங்க. எனக்கு அது பிடிக்கல."

"தப்புதான் தம்பி," என்றேன்.

அவன் தலையாட்டினான். மீனைப் பற்றி அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. "பசிக்குதா மாமா, இறங்கினதும் மொஹிங்கா சாப்பிடலாம்," என்றான். சாப்பிட்டோம். அந்த மீன்குழம்புச் சேமியாவில் வாழைத்தண்டு போட்டிருந்தார்கள். அவன் என் கிண்ணத்தில் எலுமிச்சை பிழிந்துவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் பால்கனியில் நின்று அக்காவைக் கூப்பிட்டேன்.

"கோவம் வந்துச்சுக்கா."

"யார் மேல?"

"என் மேலதான்." நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். பெரிய மீனைச் சொன்னேன், குஞ்சைச் சொன்னேன், அவன் முகம் போன போக்கைச் சொன்னேன். என்ன சொன்னான் என்று கேட்பாள் என நினைத்தேன். அவள் அதைக் கேட்கவில்லை.

"அப்ப அவன் கை எங்கடா இருந்துச்சு?"

"தண்ணிக்குள்ள இருந்துச்சுக்கா. ரெண்டு கையும். மீனைப் பிடிச்சுகிட்டு இருந்தான்."

"எவ்வளவு நேரம்?"

"அது தானா நீந்திப் போற வரைக்கும்."

அடுத்து தேனுவின் குரல் வந்தது, பதறிப் போய். "மாமா, அம்மா போனை என் கையில குடுத்துட்டு அழுவுறாங்க. என்ன ஆச்சு? துரை என்ன பண்ணாரு?"

"துரைக்குக் கோவம் வந்துச்சும்மா," என்றேன். "அம்மாவை முகம் கழுவச் சொல்லு. நாளைக்கே போய்க் கல்யாணப் புடவை பாருங்க."